சிப்பில் போட்ட பென்சில் கோடு

19-1-2004, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நான் ஜூஸ் கடைக்காரன். பென்சிலுக்கு ஒரு வேலையும் இல்லாத தொழில். ஆனாலும் சில வருஷமாக வலது காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டுதான் கடையில் நிற்கிறேன். இன்று காலை சாலைக் கடைத்தெருவில் எலுமிச்சை பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆசாரியே, ஒந்நு வரணும். வீட்டுக் கதவு அடைய மாட்டேங்குது" என்றார், மலையாளமும் தமிழுமாக. நான் ஆசாரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனேன். கதவைத் தட்டிப் பார்த்தேன். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நிலையை மேலும் கீழும் பார்த்தேன். கீல் பக்கம் காதை வைத்துக் கேட்டேன். "பழைய கதவு, கொஞ்சம் விட்டுப் பிடிக்கணும்" என்றேன். அவருக்கு மிகவும் திருப்தி. உள்ளேயிருந்து காப்பி வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் சம்சாரம் உலகம்மாள் சிரிக்கவில்லை. "அன்னாசிக்கு அளவெடுக்கவா அந்தப் பென்சிலு? தூக்கி எறிங்க" என்றாள்.

எறிய மாட்டேன். ஏன் என்று இவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள்.

இந்த டைரி பக்கத்துக் கடை ஸ்ரீநிவாஸ் கொடுத்தது. பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கிற கடை அவருடையது. கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பிள்ளை. நான் அவரைச் சாமி என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். சிப்பு கம்பெனியின் மொத்த வியாபாரி வருஷா வருஷம் கொடுக்கிற டைரி இது. "எழுதுங்கோ அண்ணாச்சி, உங்க வாய் ஓய்ஞ்ச நேரத்துல" என்றார். அப்படி ஒரு நேரம் எனக்கு வந்ததில்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

25-1-2004, ஞாயிறு

கடை லீவு. பென்சில் கதையை எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் மறந்துபோனால் உலகம்மாள் தன் இஷ்டத்துக்குச் சொல்லுவாள்.

சிப்பு என்பது கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி. அதற்கு ஒரு ஓட்டம் உண்டு. கம்பெனிக்காரன் இது அறுநூறு, இது தொள்ளாயிரம் என்று முதுகில் எழுதி, அதற்குத் தகுந்த விலை வைத்து விற்பான். சாமி ஒருநாள் சொன்னார்: "அண்ணாச்சி, ரெண்டும் ஒரே அடுப்புல வெந்ததுதான். நிறைய சிப்பு தொள்ளாயிரம் ஓடக்கூடியது. அதை அறுநூறுன்னு எழுதிப் பூட்டி வெச்சிருக்கான்." எனக்கு உடனே விளங்கியது. ஒரே அன்னாசியைத்தான் நானும் ஒரு தம்ளரில் சாதா என்கிறேன், ஒரு தம்ளரில் ஸ்பெஷல் என்கிறேன்.

அந்தப் பூட்டு இருக்கிறதே, சிப்பின் முதுகில் எறும்புக்கால் மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். அந்தக் கோடுகளை நடுவில் வெட்டி விட்டிருப்பான். பென்சில் கரி கரண்டைக் கடத்துமாம். வெட்டின இடத்தில் பென்சிலால் கோட்டைச் சேர்த்துவிட்டால் பூட்டு திறந்துவிடும். அப்புறம் சிப்பை மாட்டுகிற பச்சை போர்டில் சின்ன ஸ்விட்சுகளை மாற்றி, அறுநூறைத் தொள்ளாயிரமாக ஓட்டலாம். சூடு கூடும், அவ்வளவுதான்.

ரெண்டாயிரத்தில், நல்ல மழைக்காலம். சாமிக்கு இந்த விஷயம் இன்டர்நெட்டில் கிடைத்துவிட்டது. ஆனால் அவருக்குக் கை வியர்க்கும். ஒரு கோடு போட்டால் பக்கத்துக் கோட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அழிப்பார், போடுவார், அழிப்பார். நான் எங்கள் இரண்டு கடைக்கும் நடுவிலிருக்கிற பலகைச் சுவரின் சந்து வழியாகச் சர்பத்தை நீட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். "அன்னாசிக்குக் கண் எடுக்கிற கை இது, கொடும் சாமி" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் கொடுத்துவிட்டார்.

நாலாம் வகுப்பில் கணக்கு சார் என் பென்சிலைப் பிடுங்கி, "இது உனக்கு இனிமே ஆகாதுல" என்று மேஜை டிராயரில் போட்டவர்தான். அதற்குப் பிறகு நான் பென்சிலை ஒழுங்காகப் பிடித்தது அன்றைக்குத்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பென்சில் முனை உலக்கை மாதிரி தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு போட்டேன்.

சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. நடுவில் 900. சாமி ஒன்றும் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான்தான் கேட்டேன், "என்ன சாமி, ஜெயிச்சிட்டமா, தோத்திட்டமா?" என்று.

அதற்குப் பிறகு வந்த கூட்டம். நாகர்கோவிலிலிருந்து, கொல்லத்திலிருந்து, இன்ஜினியரிங் காலேஜிலிருந்து. சிப்பைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். "பென்சில் அண்ணாச்சி உண்டோ?" என்று கேட்பார்கள். கோட்டுக்குச் சாமியும் காசு வாங்கியதில்லை, நானும் வாங்கியதில்லை. ஆனால் காத்திருக்கிறவனுக்குத் தாகம் எடுக்கும். அது என் கணக்கு. ஒரு சித்திரை வெயிலில் ஒருவன் சிப்பு சூடாகிறது என்று என்னிடம் ஐஸ் கேட்டான். பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தேன். பை ஓட்டை. அந்தக் கம்ப்யூட்டருக்குக் குளிர் தாங்கவில்லை.

எல்லோரிடமும் சாமி ஒரே பல்லவிதான் பாடுவார்: "இது அறுநூறுதான். கோடு போட்டா தொள்ளாயிரம் ஓடும். சூடாகும். போயிடுத்துன்னா கம்பெனி ஏத்துக்காது. சம்மதமா?" நான் பின்னாலிருந்து, "கல்யாணத்துக்கே இத்தனை கேள்வி கேக்கமாட்டாவ, போடும் சாமி" என்பேன்.

ஒரு வருஷம், அதற்குமேல் கொஞ்சம். அவ்வளவுதான் அந்தக் காலம். அதற்குப் பிறகு வந்த சிப்பில் வெட்டின இடத்தைக் குழியாகத் தோண்டிவிட்டான். பென்சில் கரி குழிக்குள் விழுந்துவிடும். சாமி பசை, வெள்ளி மை என்று எதையோ வைத்து அடைத்துப் பார்த்தார். இப்போது வருவதில் பூட்டு உள்ளேயே இருக்கிறது. முதுகில் ஒன்றும் இல்லை, மொட்டை. இதில் ஒரு வேடிக்கை, பூட்டே இல்லாத சிப்பும் விற்கிறான். அதன் விலையைக் கேட்டு நான் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

26-1-2004, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். என்னைப் பற்றிக் கொஞ்சம் தாராளமாகத்தான் எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.

11-2-2004, புதன்

மொத்த வியாபாரியின் ஆள் வந்தது. அனுஷா என்று ஒரு பெண். நாகர்கோவில்காரி, பேச்சில் விட்டுக்கொடுக்காது. சாமிக்கு ஒரு பெரிய விஷயம் கொண்டுவந்திருக்கிறாள். ஊருக்குள்ளேயே வேறொரு மூலையில், பட்டம் என்கிற இடத்தில், கம்பெனியின் சர்வீஸ் சென்டர் திறக்கப் போகிறார்கள். அதைச் சாமியிடமே கொடுக்கலாம் என்று யோசனை. ஒரே நிபந்தனை: சிப்பை வேகம் கூட்டி ஓட்டுகிற வேலையைப் பழையதிலும் தொடக்கூடாது, புதியதிலும் தொடக்கூடாது. கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

சாமிக்கு இப்போது வியாபாரம் இல்லை. எல்லோரும் பெட்டியோடு வருகிற கம்பெனிக் கம்ப்யூட்டரை வாங்குகிறார்கள். இது நடக்காவிட்டால் கடையை அடைத்துவிட்டுப் பெங்களூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போவதாக முன்பே சொல்லியிருந்தார். ஆக, கையெழுத்துப் போட்டால் பக்கத்துக் கடை போகும். போடாவிட்டால் சாமியே போவார். நல்ல வசதி.

அனுஷாவுக்கு எலுமிச்சை பிழிந்து சோடா நாரங்கா போட்டுக் கொடுத்துவிட்டு நான் ஆரம்பித்தேன்.

"ஏன் பிள்ளே, காசு கொடுத்து வாங்குன பொருளு. அவன் ஓட்டுதான், எரிக்கான், உங்க கம்பெனிக்கு என்ன நோவு?"

"எரிச்சிட்டு, கோட்டை அழிச்சிட்டு, தானா போச்சுன்னு எங்ககிட்ட மாத்தக் கொண்டு வருவான் அண்ணாச்சி. அதான் நோவு."

"இந்தா, இந்த மிக்சியில மூணு ஸ்பீடு இருக்கு. மூணுல வைக்காதேன்னு மிக்சி கம்பெனிக்காரன் வந்து என் கையைப் பிடிக்கானா?"

"மூணு வரைக்குந்தானே வெச்சிருக்கான். அஞ்சு வெச்சானா? அடியில செவப்புப் பட்டன் எதுக்காம்?"

ஜூஸ் மிக்சிக்கு அடியில் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். பாரம் கூடினால் அது வெளியே குதித்து மோட்டாரை நிறுத்திவிடும். ஆறவிட்டு அமுக்கினால்தான் மறுபடி ஓடும். "ஐஸ் இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டேன்.

14-2-2004, சனி

அனுஷா மறுபடி வந்தது. இன்றைக்குச் சிரிப்பு இல்லை.

வித்துராவிலிருந்து கம்பெனிக்குப் புகார் போயிருக்கிறதாம். மலை அடிவாரத்தில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிற ஒரு அம்மா. தொள்ளாயிரம் என்று விற்றார்கள், மத்தியானம் ஆனால் நின்றுபோகிறது என்று எழுதியிருக்கிறாள். சிப்பு நம்பரைப் பார்த்தால் கம்பெனிக் கணக்கில் அது அறுநூறு. கம்ப்யூட்டர் கேபினெட்டில் சாமி கடை ஸ்டிக்கர்.

"இதுக்குத்தான் பூட்டுறோம் அண்ணாச்சி" என்றாள். "உங்களுக்கு வெளையாட்டு. சில ஊர்ல சிப்பு முதுகுல எழுத்தையே சொரண்டிட்டு மேல நம்பர் அடிச்சு விக்கான். வாங்குறவளுக்கு எப்படித் தெரியும்?"

சாமியின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் ஒருத்தர்கிட்டயும் தொள்ளாயிரம்னு வித்ததில்லை. சொல்லாம குடுத்ததும் இல்லை. அண்ணாச்சியைக் கேளுங்கோ."

"எனக்குத் தெரியும் சார். எங்க மேனேஜருக்குத் தெரியணும்ல. மாசக் கடைசிக்குள்ள இதுக்கு ஒரு பதில் வேணும். இல்லன்னா சர்வீஸ் சென்டரை வேற ஆளுக்குக் கொடுத்திருவாங்க."

அவள் போன பிறகு சாமி பழைய பில் புத்தகத்தைப் புரட்டினார். அந்தக் கேபினெட் பிரவின்ராஜ் வாங்கியது. கல்யாண வீடியோ எடுக்கிற பையன், தக்கலைப் பக்கம். அவனுக்குக் கோடு போட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொள்ளாயிரம் வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அதையும் வீடியோ எடுத்தான்.

போன் போட்டேன். "ஆமா அண்ணாச்சி, அதை வித்திட்டு வேற வாங்கிட்டேனே" என்றான்.

"கோடு போட்டதுன்னு சொல்லி வித்தியால?"

"எதுக்குச் சொல்லணும்? ஆன் பண்ணினா திரையில தொள்ளாயிரம்னு வருது. அந்த அம்மாவும் படிச்சாங்க. நான் ஒரு பொய் சொல்லலியே."

அவனைத் திட்ட வாய் எடுத்தேன். போனை வைத்துவிட்டேன். அந்தத் தொள்ளாயிரத்தைத் திரையில் எழுதினவன் நான் அல்லவா?

15-2-2004, ஞாயிறு

பேசாமல் இருந்தேன். உலகம்மாள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

21-2-2004, சனி

வித்துரா போய்வந்தோம். சாமியும் நானும். கடையை உலகம்மாளிடம் விட்டுவிட்டு, மடியில் ஒரு டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஃபேன் எதற்கு என்றால், கோட்டை அழிக்காமலே குளிர்ச்சி காட்டிச் சரிசெய்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. நெடுமங்காட்டில் ஏறின ஒருவர், "காற்றும் கையோடு கொண்டு போகுந்நோ?" என்றார். "ஆமா, பொன்முடி மலையில கொறவுன்னு கேள்விப்பட்டேன்" என்றேன்.

சாமி சிரிக்கவே இல்லை. பாதி வழியில், "அண்ணாச்சி, அந்தம்மா என்ன சொன்னாலும் நீங்க கேலி பண்ணப்படாது" என்றார். சரி என்றேன்.

அந்த அம்மா பெயர் சரோஜம். நாற்பது வயசு இருக்கும். அப்பா, தாத்தா எல்லாம் மேலே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வெளியே பெஞ்சில் எஸ்டேட் பெண்கள் இரண்டு மூன்று பேர். பூட்டிக்கிடக்கிற எஸ்டேட்டில் வரவேண்டிய பாக்கிக்கு மனு அடிக்க வந்தவர்கள். காலையில் மலையிலிருந்து இறங்கினால் மத்தியானம்தான் வந்து சேரமுடியும். மத்தியானம்தான் அது நிற்கும்.

மேஜைக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் குங்குமம் தடவி வைத்திருந்தது. நான் வாக்கு மறந்துபோய், "ஜூஸுக்கா, பூசைக்கா?" என்று கேட்டுவிட்டேன். சாமி என் காலை மிதித்தார். அந்த அம்மா கோபப்படவில்லை. "எல்லாம் செஞ்சு பாத்தாச்சு அண்ணாச்சி. ஸ்டெபிலைசர் மாத்தினேன். வயரு மாத்தினேன். பின்னே இது ஒண்ணுதான் பாக்கி" என்றாள்.

அப்புறம் சொன்னாள், மெதுவாக: "மொதல்ல எனக்கு என் கையிலதான் தோஷம்னு தோணிச்சு. தப்பா எதையோ அமுக்குறேன் போலன்னு. நெடுமங்காட்டுல மறுபடி டைப்பிங் படிக்கப் போனேன். சின்னப் பிள்ளைங்க கூட உக்காந்து."

சாமி ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே தூசி, பல்லி முட்டை. சிப்பின் மேலிருந்த காற்றாடியை எடுத்துத் துடைத்தார். பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார்.

இருந்தது. நான் போட்ட கோடு. மூச்சை அடக்கிக்கொண்டு போட்டது, ஒன்றோடொன்று ஒட்டாமல், மழைக்காலத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை பேர் நின்று பார்க்கப் போட்டது. கொஞ்சம்கூட மங்கவில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பழைய போட்டோவில் நம்மை நாமே பார்க்கிற மாதிரி, கறுத்த மீசையும் அதுவுமாக.

"இது நான் போட்டதும்மா" என்றேன்.

"எதுக்குப் போட்டீங்க?"

"வேகமா ஓட."

"யாருக்கு?"

பூதக்கண்ணாடியைச் சாமியிடம் நீட்டினேன். சாமிதான் எல்லாவற்றையும் விளக்கினார். எது அறுநூறு, எது தொள்ளாயிரம், சூடு எப்படி வருகிறது, பிரவின்ராஜ் சொல்லாமல் விட்டது எது, எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ மழைக்காலத்துல நல்லா ஓடினதும் இதனாலதானா?"

"ஆமாம்மா."

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் மத்தியானம் டைப் பண்ணியிருக்க மாட்டேனே. காலையில வெச்சு அடிச்சிருப்பேனே." அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை. ஆனால் பெஞ்சிலிருந்த ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, "இவன்தானா அது?" என்று கேட்டாள்.

சாமி இரண்டு வழி சொன்னார். கோட்டை வைத்துக்கொண்டு ஃபேனைப் போட்டுக் குளிர்ச்சியாக ஓட்டலாம், வேகம் இருக்கும், எப்போதாவது நிற்கும். இல்லாவிட்டால் அழிக்கலாம், வேகம் போகும், நிற்காது. "உங்க பொருள். நீங்க சொல்லுங்கோ."

எனக்கு உள்ளுக்குள் ஆசை, ஃபேன் என்று சொல்லமாட்டாளா என்று. "நல்லா யோசிச்சுக்கோம்மா, தொள்ளாயிரம் போனா போனதுதான்" என்றேன்.

"போன மனு திரும்ப வந்துச்சா அண்ணாச்சி? அழிங்க."

அவள் மேஜையில் கிடந்த ரப்பரையே எடுத்தேன். போடும்போது எத்தனை பாடு. அழிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. சாமி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். மாட்டி ஆன் செய்தோம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. 600.

நல்ல வெயில் நேரம். சரோஜம் உட்கார்ந்து பெஞ்சிலிருந்த பாட்டியின் மனுவை ஆரம்பத்திலிருந்து அடித்தாள். முதலில் பயந்து பயந்து, ஒவ்வொரு வரிக்கும் திரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு பார்க்காமல். பிரிண்டர் கீச்சென்று இழுத்து ஒரு பக்கம் வெளியே தள்ளியது. அதில் திருத்தம் போட ஏதோ தேடினாள். சட்டென்று கையை நீட்டி என் காதிலிருந்த பென்சிலை உருவிக்கொண்டாள். திருத்தினாள், மேஜையில் வைத்தாள், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

ஃபேனை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். கல்லாறு வரை போய்த் தண்ணீரில் காலை வைத்துவிட்டு வரலாமா என்றேன். சாமி சம்மதித்தார். பாறையில் உட்கார்ந்து அவர் பேன்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் சாமியின் முழங்காலை இன்றுதான் பார்க்கிறேன். இரண்டு பேரும் அந்த முதல் 900ஐப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். "அன்னிக்கு நான் ஏன் ஒண்ணும் பேசலை தெரியுமா?" என்றார். "பேசினா அழுதுடுவேன்னு பயம்." எனக்குத் தெரியும் சாமி என்றேன். தெரியாது. சும்மா சொன்னேன்.

பஸ்ஸில் ஏறின பிறகுதான் பார்த்தேன், காது காலியாக இருந்தது.

24-2-2004, செவ்வாய்

அனுஷாவிடம் நடந்ததை அப்படியே சொன்னோம். சரோஜம் புகாரைத் திரும்ப வாங்குவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். அனுஷா படித்துவிட்டு ஃபைலில் வைத்தாள்.

நான் விடவில்லை. "இப்பம் நான் சொல்லுததைக் கேளு. நீங்க பூட்டுததும் சரியில்லை, நாங்க தொறந்துட்டுப் பேசாம இருந்ததும் சரியில்லை. பூட்டாதீங்க. ஆனா எவன் தொறந்தாலும் ஆன் பண்ணும்போதெல்லாம் அந்தத் திரையில, 'இது அறுநூறு, தொள்ளாயிரமா ஓட்டுதாவ' அப்படின்னு தன்னால எழுதி வரட்டும். வாங்குதவ படிச்சுக்கிடுவா. முடிஞ்சுதா?"

அவள் ஸ்ட்ராவிலிருந்து வாயை எடுத்தாள். "நல்ல யோசனைதான் அண்ணாச்சி. ஆனா பூட்டுறவங்ககிட்டதானே நான் சம்பளம் வாங்குறேன்."

"அப்போ பூட்டே இல்லாம ஆனை விலைக்கு விக்கிறீங்களே, அது?"

"அதையும் நான்தான் விக்கிறேன்" என்றாள். இருவரும் சிரித்தோம். சாமி சிரிக்கவில்லை. அவருக்குக் கையெழுத்துக் கவலை.

2-4-2004, வெள்ளி

சாமி கையெழுத்துப் போட்டார். நான் அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தேன்.

6-6-2004, ஞாயிறு

மழை தொடங்கிவிட்டது. பக்கத்துக் கடையைக் காலி செய்தார்கள். சாமியின் மனைவி அனந்தலக்ஷ்மி வந்து பெருக்கித் துடைத்துக் கோலம்கூடப் போட்டாள். காலி செய்கிற கடைக்குக் கோலம் எதற்கு என்று கேட்டேன். "போறச்சே லட்சணமாப் போகணும் மாமா" என்றாள். பழைய போர்டு, வயர், உடைந்த காற்றாடி எல்லாம் ஒரு சாக்கில் கட்டினோம். பலகைச் சுவர்ச் சந்தில் என் தம்ளர் வைத்து வைத்து வட்டமாக ஒரு கறை. சாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதைப் பட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது" என்றார். "பலகையை அறுத்துத் தரட்டுமா? ஆசாரி வேலையும் பார்ப்பேன்" என்றேன்.

போகும்போது என் சட்டைப்பையில் எதையோ போட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஒரு புதுப் பென்சில், சீவாதது.

5-7-2004, திங்கள்

பக்கத்தில் நைட்டிக் கடை வந்துவிட்டது. முதலாளி நெல்லையப்பன், நம்ம ஊர்ப் பக்கத்து ஆள்தான். பலகைச் சுவர்ச் சந்தை மறைத்து நைட்டிகள் தொங்குகின்றன. சர்பத் போட்டுவிட்டுப் பழக்கத்தில் கையை அந்தப் பக்கம் நீட்டினேன். ஒரு நைட்டிக்குள் போயிற்று. உள்ளே யாரும் இல்லை, அதுவரைக்கும் நல்லது.

11-7-2004, ஞாயிறு

பட்டத்துக்குப் போய்ச் சர்வீஸ் சென்டரைப் பார்த்தேன். ஏசி, கண்ணாடிக் கதவு, டோக்கன். சாமி கழுத்தில் பட்டை மாட்டி அடையாள அட்டை. கவுண்டருக்கு மேலே போர்டு: வேகம் கூட்டி ஓட்டிய சிப்புக்கு வாரண்டி கிடையாது. அதற்கு நேர் கீழே நின்று சாமி என்னைப் பார்த்தார். நான் போர்டைப் பார்த்தேன். "எழுத்து நல்லா இருக்கு" என்றேன். உள்ளே கூட்டிப்போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தார். மிஷின் காப்பி. அவரும் பாவம், குடித்துப் பழகிவிட்டார்.

வந்த ஒருவனிடம் சாமி கேட்டதைக் கேட்டேன்: "நீங்க ஏதாவது திறந்தேளா? இருந்தா சொல்லிடுங்கோ, தப்பில்லை. சொன்னா நான் வேற வழி பார்க்கலாம்." அதே பழைய பல்லவி, மறுபக்கத்திலிருந்து.

15-8-2004, ஞாயிறு

ஓணக் கூட்டம் தொடங்கிவிட்டது. சாலையில் கால் வைக்க இடமில்லை. நேற்று முழுக்க மிக்சியின் சிவப்புப் பட்டன் சும்மா சும்மா குதித்துக்கொண்டே இருந்தது. வாசலில் ஆள் நிற்கும்போது ஆறவிட்டு அமுக்கிக்கொண்டிருந்தால் வேறு ஜூஸ் கடைக்குப் போய்விடுவார்கள். மிக்சி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்று கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூவைக் கழற்றி, பட்டனுக்குப் போகிற இரண்டு வயரையும் நேராகச் சேர்த்துவிட்டேன். இனி குதிக்காது. உலகம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். "அந்த அனுஷா பிள்ளை பாத்தா என்ன சொல்லும்?" என்றாள். பாக்காதுல்ல என்றேன்.

நன்றாக ஓடுகிறது.

31-8-2004, செவ்வாய்

இன்று காலை அன்னாசியும் ஐஸுமாக ஓடிக்கொண்டிருந்தபோது மிக்சி புகைந்து நின்றது. நிற்பதற்கு முன் ஜார் மூடி கழன்று போனது. மூடி நெல்லையப்பன் கடை வாசலில் தொங்கிய ஒரு நைட்டியில் போய் விழுந்தது. சாறும் கூடவே போயிற்று. நைட்டி மஞ்சள். ஜூஸும் மஞ்சள். நெல்லையப்பன் கவனிக்கவில்லை.

மிக்சியைத் துணியில் கட்டிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனேன். வாரண்டி அட்டையில் இன்னும் நாள் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. "ஆரெங்கிலும் திறந்தோ?" என்று கேட்டாள், யாராவது திறந்தார்களா என்று எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. இல்லை என்று சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டிருப்பாள்.

"ஆமாம்மா. நான்தான்" என்றேன். எந்த வயரை எங்கே சேர்த்தேன் என்பதையும் சொன்னேன். வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்தாள்.

திரும்பி வந்து நெல்லையப்பனிடமும் சொன்னேன். அந்த நைட்டியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். உலகம்மாளுக்கு அளவு சரியில்லை.